சேதத்துக்கு யார் பொறுப்பு? டுவைன் மெக்டஃபியின் காமிக்ஸும் அனிமேஷனும்

அமெரிக்க காமிக்ஸ் எழுத்தாளர் டுவைன் மெக்டஃபியைப் பற்றிய பேச்சு அநேகமாக ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது: கறுப்பின நாயகர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர். அவர் 1962 இல் டெட்ராய்ட்டில் பிறந்தார். 2011 பிப்ரவரி 21 அன்று, 49 வயது நிறைந்த மறுநாளே இறந்துபோனார். அந்த வாக்கியம் பொய்யல்ல. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு அவருடைய எழுத்தைப் படித்தால் பாதி விடுபட்டுப்போகிறது. இருபது வருடங்களுக்கு மேல், முதலில் காமிக்ஸிலும் பிறகு தொலைக்காட்சி அனிமேஷனிலும், அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது வேறொரு கேள்வி. சாகசம் நடந்து முடிந்த பிறகு சேதத்துக்கு யார் பொறுப்பு, விளைச்சலை யார் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்பதே அது. நிறம் பற்றிய அவருடைய கவலையும் இந்தக் கேள்விக்குள் அடங்கியதுதான். அவருடைய தொழில் வாழ்க்கையின் திருப்பங்களையும் இதே கேள்வியைக் கொண்டு விளக்க முடியும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

அவர் எழுத வந்த வழி சற்று விசித்திரமானது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் இயற்பியலும் படித்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் பயின்றார். வணிகப் பத்திரிகை ஒன்றில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தார். 1987 இல் மார்வெல் நிறுவனத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். நிதிச் செய்திகளின் நடுவே உட்கார்ந்திருந்தவருக்கு சூப்பர்ஹீரோ உலகைப் பார்த்ததும் இயல்பாக எழுந்த சந்தேகம் இது: ஒவ்வொரு மாதமும் நியூயார்க்கின் கட்டடங்களை இடித்துத் தள்ளுகிறார்களே, மறுநாள் யார் வந்து சுத்தம் செய்கிறார்கள்?

ஓவியர் எர்னி கொலோனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘டேமேஜ் கன்ட்ரோல்’ அந்தச் சந்தேகத்தில் முளைத்தது. சூப்பர்ஹீரோ சண்டைகளில் நொறுங்கியதைச் சரிசெய்யும் ஒரு நிறுவனம்; அதில் வேலை பார்க்கும் கணக்காளர், மக்கள் தொடர்பாளர், இடிபாடுகளைக் கூட்டிப் பெருக்கும் மேஸ்திரி. 1989 இல் முதல் குறுந்தொடர் வந்தது. அதன் ஓர் இதழில் நிறுவனத்தின் கணக்காளர், கொடுங்கோல் மன்னன் டாக்டர் டூமிடம் பாக்கித் தொகையை வசூலிக்கப் போகிறார். உலகத்தை அடிமைப்படுத்தத் துடிக்கும் வில்லனின் வாசலில் நிற்கும் அந்த ஆளின் கையில் இருப்பது ஒரு பில். அந்தக் காட்சி சிரிப்புக்காக எழுதப்பட்டதுதான், சிரிப்பும் வருகிறது. ஆனால் நிறுவனத்தின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு பாதி சூப்பர்ஹீரோ டோனி ஸ்டார்க்கிடம், மறு பாதி குற்றவுலகத் தலைவன் கிங்பின்னிடம். சேதம் செய்பவர்களே சீர்செய்வதிலும் லாபம் பார்க்கிறார்கள். இதை வெறும் துணுக்கு என்று ஒதுக்கியவர்கள் பின்னால் அவர் எழுதிய ‘ஹார்ட்வேர்’ தொடர் எங்கிருந்து வந்தது என்பதை விளக்கத் திண்டாட வேண்டியிருக்கும்.

மார்வெலில் இருந்தபோது அவர் எழுதிய இன்னொன்றும் பெயர் பெற்றது. அப்போதைய மார்வெலின் கறுப்பின நாயகர்களில் கணிசமானோர் ஸ்கேட்போர்டில் உருண்டுகொண்டிருந்தார்கள். அதைக் கண்டு சலித்துப்போய், ஸ்கேட்போர்டில் வரும் கறுப்பின நிஞ்சாப் பையன்களைப் பற்றிப் புதிய தொடர் ஒன்று தொடங்கலாம் என்று ஒரு போலி முன்மொழிவை எழுதி அலுவலகத்துக்குள் சுற்றுக்கு விட்டார். 1989 இல் எழுதப்பட்ட அந்தக் குறிப்பு நக்கலுக்காகவே இன்றும் நினைக்கப்படுகிறது. என் கண்ணுக்குப் படுவது அதன் வடிவம். வெளியே பத்திரிகையில் கட்டுரை எழுதாமல், நிறுவனத்தின் முன்மொழிவுப் படிவத்தையே எடுத்து அதற்குள் குத்தலை வைத்தார். நிறுவனத்துக்கு உள்ளே நின்றுகொண்டு அதன் பாஷையிலேயே அதைக் கேள்வி கேட்பது பிற்பாடு அவருடைய வழக்கமாகிவிட்டது.

1990 இல் மார்வெல் வேலையை விட்டார். பிறகு டெனிஸ் கோவன், மைக்கேல் டேவிஸ், டெரெக் டிங்கிள் ஆகியோருடன் மைல்ஸ்டோன் மீடியாவைத் தொடங்கினார். 1993 இல் முதல் இதழ்கள் கடைக்கு வந்தன. அச்சும் விநியோகமும் டிசி காமிக்ஸின் பொறுப்பு. பதிப்புரிமையும் கதை பற்றிய முடிவும் மைல்ஸ்டோனின் கையில். இந்த ஏற்பாட்டின் கனம் புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய வழக்கம் தெரிய வேண்டும். அமெரிக்காவின் இரண்டு பெரிய காமிக்ஸ் நிறுவனங்களில் எழுத்தாளர் பக்கக் கணக்கில் கூலி வாங்குவார், பாத்திரம் நிறுவனத்துக்குச் சொந்தமாகும். சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938 இல் 130 டாலருக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிட்டு, பிற்பாடு அதை மீட்க வழக்குகளில் போராடியவர்கள். அந்த வரலாறு மைல்ஸ்டோன்காரர்களுக்கு மனப்பாடம்.

முதலில் வந்த நான்கு தொடர்களில் ‘ஹார்ட்வேர்’ இதை நேரடியாகவே கதையாக்குகிறது. கர்ட்டிஸ் மெட்காஃப் ஒரு மேதைப் பொறியாளன். சிறுவனாக இருந்தபோதே அவனைக் கண்டெடுத்துப் படிக்க வைத்தவர் தொழிலதிபர் எட்வின் ஆல்வா. அவனுடைய கண்டுபிடிப்புகளில் ஆல்வா கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார். லாபத்தில் ஒரு பங்கு கேட்டுப் போகும் மெட்காஃபிடம், நீ என் இயந்திரத்தின் ஒரு பல்சக்கரம்தான் என்ற தொனியில் பதில் வருகிறது. ஒப்பந்தப்படி வேறெங்கும் வேலைக்குப் போகவும் முடியாது. வேவு பார்த்ததில் ஆல்வா குற்றவாளி என்றும் தெரிகிறது, ஆனால் சட்டம் அசையவில்லை. கடைசியில் ஆல்வாவின் ஆய்வுக்கூடத்திலேயே, ஆல்வாவின் பொருட்களைக் கொண்டே ஒரு கவசம் செய்து அவருக்கு எதிராகப் பறக்கிறான். காமிக்ஸ் தொழிலைத் தெரிந்த எவருக்கும் இது யாருடைய கதை என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கதை இதோடு நின்றிருந்தால் அது வெறும் வயிற்றெரிச்சலாகப் போயிருக்கும். மெட்காஃப் பழிவாங்கும் வழியில் ஆல்வாவின் கூலியாட்களைக் கொல்கிறான். அடுத்தடுத்த இதழ்களில் மெக்டஃபி அந்தக் கொலைகளுக்கு அவனிடமே கணக்குக் கேட்கிறார். அவனை நேசிக்கும் பெண்ணே அவன் வழிகளைக் கேள்விக்கு உட்படுத்துகிறாள். சுரண்டப்பட்டவன் என்பதால் சேதத்துக்குப் பொறுப்பேற்பதிலிருந்து அவன் தப்பிவிட முடியாது. பிரதிநிதித்துவம் என்ற ஒற்றை அளவுகோலைப் பிடித்து வாசிப்பவர்கள் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் இதுதான் என்பேன்.

‘ஐகான்’ இதைவிட நுட்பமானது. எம். டி. பிரைட் வரைந்தது. சூப்பர்மேனின் விண்கலம் கான்ஸாஸ் வயலில் இறங்காமல் 1839 இல் அமெரிக்கத் தெற்கின் ஓர் அடிமைப் பண்ணையில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குழந்தையை எடுத்து வளர்ப்பவள் ஓர் அடிமைப் பெண். அவன் முதுமை அடையாமல் 20 ஆம் நூற்றாண்டின் முடிவுவரை வந்து, அகஸ்டஸ் ஃப்ரீமன் என்ற பெயரில் ஒரு வசதியான, பழமைவாதக் கருத்துள்ள வழக்கறிஞனாக உட்கார்ந்திருக்கிறான். எல்லாச் சக்தியும் இருந்தும் சும்மா இருக்கிறான். அவனை நாயகனாக்குவது 15 வயது ராக்கெல் எர்வின். அவன் வீட்டுக்குத் திருட வந்த கூட்டத்தில் ஒருத்தி, எழுத்தாளராக ஆசைப்படுபவள். திரும்பி வந்து, இவ்வளவு சக்தியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்று கேட்கிறாள். கதையைச் சொல்வதும் அவள்தான். இருவரும் முதன்முதலாக உதவிக்குப் போகும் இடத்தில் போலீஸார் அவர்களை நோக்கியே துப்பாக்கியை நீட்டுகிறார்கள். சூப்பர்மேனுக்கு வழக்கமாக நேராத வரவேற்பு அது.

மைல்ஸ்டோன் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. சேகரிப்பாளர்கள் ஊதிய 1990களின் காமிக்ஸ் சந்தை சரிந்தது. கறுப்பினரைப் பற்றியது, நமக்கல்ல என்று பல கடைக்காரர்களும் வாசகர்களும் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். ‘ஹார்ட்வேர்’ 50 இதழ்களோடும், ‘ஸ்டாட்டிக்’ 45 இதழ்களோடும், ‘ஐகான்’ 42 இதழ்களோடும் 1997 இல் நின்றன. இங்கே வழக்கமாக ஒரு முடிவு சொல்லப்படுவதுண்டு: மைல்ஸ்டோன் தோற்றது, தொலைக்காட்சிக்குப் போய் மெக்டஃபி வென்றார். இந்தக் கணக்கு எனக்கு ஒப்புதல் இல்லை. காமிக்ஸில் அவருக்கு உரிமை இருந்தது, ஆனால் கூட்டம் இல்லை. தொலைக்காட்சியில் கூட்டம் கிடைத்தது. உரிமை அவர் கையில் இல்லை. இரண்டும் ஓரளவு சந்தித்த ஒரே இடம் ‘ஸ்டாட்டிக்’.

2000 செப்டம்பரில் கிட்ஸ் டபிள்யூபி நிகழ்ச்சித் தொகுப்பில் தொடங்கிய ‘ஸ்டாட்டிக் ஷாக்’, 2004 வரை 52 பகுதிகள் ஓடியது. கறுப்பினச் சிறுவன் ஒருவனைத் தலைப்பு நாயகனாக வைத்த சூப்பர்ஹீரோ அனிமேஷன் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அப்போது புதிது. தொடரை வடிவமைத்ததில் மெக்டஃபிக்கு நேரடிப் பங்கு இல்லை; பிறகு எழுத்தாளராகவும் ஸ்டோரி எடிட்டராகவும் உள்ளே வந்தார். காமிக்ஸில் இருந்த பல விஷயங்கள் தொலைக்காட்சியில் மாறிவிட்டன. நாயகன் விர்ஜில் ஹாக்கின்ஸின் உயிரோடிருந்த தாய், கலவரத்தில் சுடப்பட்டு இறந்தவளானாள். காமிக்ஸில் தான் தன்பாலீர்ப்பாளன் என்று விர்ஜிலிடம் சொல்லும் நண்பன் ரிக், தொலைக்காட்சியில் ரிச்சியாகி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இவற்றில் பின்னது, சிறுவர்கள் பார்க்கும் நிகழ்ச்சி நேரம் விட்டுக்கொடுக்கச் சொன்னது.

காமிக்ஸில் விர்ஜிலின் கையில் இருந்த துப்பாக்கியின் விஷயம் மட்டும் வேறு மாதிரி போயிற்று. காமிக்ஸில் (முதல் இதழ்களை மெக்டஃபியும் ராபர்ட் வாஷிங்டனும் சேர்ந்து எழுதினார்கள், வரைந்தவர் ஜான் பால் லியோன்) விர்ஜில் ஹாக்கின்ஸ் தன்னை அடித்து அவமானப்படுத்திய ரவுடியைச் சுடும் எண்ணத்தோடு, கடன் வாங்கிய துப்பாக்கியுடன் கும்பல் மோதலுக்குப் போகிறான். சுட மனம் வராமல் நிற்கும்போதுதான் போலீஸார் வீசும் பரிசோதனை வாயு அவனுக்கு மின்சக்தி கொடுத்து அவனை ஸ்டாட்டிக் ஆக்குகிறது. நாயகன் பிறக்கும் கணத்துக்குச் சற்று முன்பு அவன் கொலைகாரனாகியிருக்கக் கூடியவன். தொலைக்காட்சியின் தொடக்கப் பகுதியில் அந்தக் கூர்மை மழுங்கிவிட்டது. ஆனால் ‘ஜிம்மி’ என்ற பகுதியில், ஆலன் பர்னெட்டோடு சேர்ந்து, மெக்டஃபி அதை வேறு வாசலால் திரும்பக் கொண்டுவந்தார். பள்ளியில் தொடர்ந்து சீண்டப்படும் ஒரு வெள்ளைக்காரப் பையன் அப்பாவின் துப்பாக்கியை எடுத்து வருகிறான். இழுபறியில் குண்டு ரிச்சியின் காலில் பாய்கிறது. விர்ஜிலிடமிருந்து பிடுங்கப்பட்ட துப்பாக்கி ஜிம்மியின் கைக்குப் போயிருக்கிறது. ஸ்டாட்டிக்கின் மின்சக்தியால் அங்கே ஒன்றும் ஆகவில்லை. சீண்டியவன், பார்த்துக்கொண்டு நின்றவர்கள், துப்பாக்கியை எளிதில் எடுக்கும்படி வைத்த வீடு என்று பொறுப்பு பலர் மேலும் பரவுகிறது. இந்தப் பகுதிக்கு 2003 இல் ஹியூமனிடாஸ் விருது கிடைத்தது. தணிக்கை ஒன்றைப் பறித்தால் அதை இன்னொரு பாத்திரத்தின் கதையாக்கித் திரும்பக் கொண்டுவரும் இந்தச் சாமர்த்தியம் தனி எழுத்தாளருக்குரியது என்பதைவிட, ஒரு தொடரின் எல்லாப் பகுதிகளையும் ஒருசேரப் பார்க்கும் ஸ்டோரி எடிட்டருக்குரியது.

மெக்டஃபி அனிமேஷனில் கண்டுபிடித்த எழுத்து இதுதான் என்று நினைக்கிறேன். ‘ஜஸ்டிஸ் லீக்’ தொடரிலும் அதன் தொடர்ச்சியான ‘ஜஸ்டிஸ் லீக் அன்லிமிட்டெட்’ தொடரிலும் (2001 முதல் 2006 வரை, மொத்தம் 91 பகுதிகள்) பெரும்பகுதியில் எழுத்தாளராகவோ ஸ்டோரி எடிட்டராகவோ தயாரிப்பாளராகவோ அவர் இருந்தார். புரூஸ் டிம் தலைமையில் பலர் சேர்ந்து எழுதிய தொடர் அது. எது யாருடைய யோசனை என்று பிரித்துப் பார்ப்பது வீண் வேலை. இருந்தாலும் ‘காட்மஸ்’ என்று அழைக்கப்படும் நீண்ட கதைச்சரடில் அவருடைய பழைய கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. விண்வெளியில் உட்கார்ந்து பூமியைக் காவல் காக்கும் நாயகர்களிடம் ஒரு பெரிய ஆயுதம் இருக்கிறது. இவர்கள் திரும்பினால் யார் தடுப்பது என்று அரசு பயப்படுகிறது. அந்தப் பயத்தைக் கதை கேலி செய்யவில்லை. எதிரியின் சதியால் ஆயுதம் வெடித்து அப்பாவிகள் சாகிறார்கள். கடைசியில் நாயகர்கள் தங்கள் அமைப்பைக் கலைத்துவிடவும் தயாராகிறார்கள்; பிறகு மக்கள் நடுவே, மெட்ரோபொலிஸில் ஓர் அலுவலகம் திறக்கிறார்கள். ‘டேமேஜ் கன்ட்ரோல்’ கணக்காளர் கையில் வைத்திருந்த பில் பதினைந்து வருடம் கழித்து இங்கே செலுத்தப்படுகிறது.

நம் ஊர்க் குழந்தைகளின் பள்ளிப் பைகளில் படமாக ஒட்டியிருந்த ‘பென் 10’ தொடரிலும் அவர் கை உண்டு. மேன் ஆஃப் ஆக்‌ஷன் குழு உருவாக்கிய பாத்திரத்தை எடுத்து, கிளென் முராகாமியுடன் சேர்ந்து ‘ஏலியன் ஃபோர்ஸ்’ (2008), ‘அல்டிமேட் ஏலியன்’ தொடர்களை நடத்தினார். பத்து வயதுப் பையனைப் பதினைந்து வயதாக்கித் தலைமைப் பொறுப்பைத் தலையில் ஏற்றினார். அங்கே பொம்மை வியாபாரம் தொடரையே சுமந்தது. ‘ஸ்டாட்டிக் ஷாக்’ தொடருக்கோ நல்ல பார்வையாளர் கூட்டம் இருந்தும் கடையில் பொம்மைகள் சொல்லும்படி வரவில்லை. அமெரிக்கச் சிறுவர் அனிமேஷனில் ஒரு தொடரின் ஆயுளைத் தீர்மானிப்பது எழுத்தல்ல என்பதற்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்தாலே போதும்.

காமிக்ஸுக்குத் திரும்பியபோது பழைய சுவர் அப்படியே நின்றது. 2007 இல் டிசியின் ‘ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா’ இதழை எழுதத் தொடங்கினார். அணியில் யார் இருக்க வேண்டும், கதை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை மற்ற இதழ்களின் தேவை தீர்மானித்தது. ஏன் இப்படி ஆனது என்று வாசகர்கள் கேட்டதற்கு மழுப்பாமல் பதில் சொன்னார். 2009 இல் வேலை போயிற்று. தொலைக்காட்சியில் அதே அணியை வருடக்கணக்கில் நடத்தியவருக்கு, அச்சில் அந்த அணியின் பெயர்ப்பட்டியலைக்கூடத் தீர்மானிக்க முடியவில்லை. ஊடகத்தின் மதிப்பு வேறு, அதற்குள் ஒருவருக்குக் கிடைக்கும் அதிகாரம் வேறு என்பதை அவருடைய வாழ்க்கையில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் கட்டம் இல்லை.

அவர் திரைக்கதை எழுதிய ‘ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்’ அனிமேஷன் படம் அவர் இறந்த மறுநாள் வெளியானது. ‘ஜஸ்டிஸ் லீக்: டூம்’ 2012 இல் வந்தது. மார்க் வெய்டின் ஒரு காமிக்ஸ் கதையைத் தழுவிய இந்தப் படத்தில், தன் சகாக்கள் வழிதவறினால் ஒவ்வொருவரையும் எப்படி வீழ்த்துவது என்று பேட்மேன் ரகசியமாகத் திட்டம் எழுதி வைத்திருக்கிறார். அது எதிரிகளின் கைக்குப் போய்விடுகிறது. கடைசியில் பேட்மேனிடம், நீ வழிதவறினால் என்ன திட்டம் என்ற கேள்வி வருகிறது. இந்த அணிதான் அந்தத் திட்டம் என்று அவர் பதில் சொல்கிறார். சூப்பர்மேன் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. தன்னையே கொல்லக்கூடிய கிரிப்டோனைட் குண்டை எடுத்து அதே பேட்மேனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்.