சேப்பாக்கத்தில் ஒரு துண்டுத் துணி

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை, இந்தப் பக்கம் பூந்தமல்லி வரை, எங்கே ஒரு காலி மனை இருக்கிறதோ அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரிக்கெட் இருக்கும். நம் குடியிருப்புப் பிள்ளைகள் கார் நிறுத்துமிடத்தில் ஆடுவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கையில் இருக்கும் டென்னிஸ் பந்தைச் சற்று கவனியுங்கள். சில நாள் அதில் ஒரு பாதிக்கு மட்டும் எலெக்ட்ரிகல் டேப் ஒட்டியிருக்கும். உடனே எதிரணியிலிருந்து "சீட்டிங்!" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் நியாயமானதா? இதே கேள்வி நம் சென்னையில், உலகமே பார்க்க, 1977 ஜனவரியில் எழுந்தது.

முதலில் பந்தைப் பற்றி நாலு வார்த்தை. ஆண்கள் ஆடும் தோல் பந்தின் எடை 155.9 கிராமுக்குக் குறையக் கூடாது, 163 கிராமைத் தாண்டக் கூடாது. சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்டிமீட்டர். அளவு ஒன்றுதான் என்றாலும் பந்துகள் ஒன்றல்ல. இந்தியாவில் டெஸ்ட் போட்டிக்கு எஸ்.ஜி., இங்கிலாந்தில் டியூக்ஸ், ஆஸ்திரேலியாவில் கூக்கபுரா. முதல் இரண்டிலும் தையல் முழுவதும் கையால் போடுவது. அதனால் தூக்கலாக இருக்கும். கூக்கபுராவில் வெளித் தையல் இயந்திரத்தில் போடுவது, சீக்கிரம் படிந்துவிடும். 2018-ல் விராட் கோலி எஸ்.ஜி. பந்து சீக்கிரம் தேய்கிறது, டியூக்ஸ்தான் வேண்டும் என்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

பந்தின் ஒரு பக்கத்தைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்துக்கொண்டு, மறுபக்கத்தைத் தேய விட்டால், காற்று இரு பக்கமும் வெவ்வேறு விதமாக ஓடும். பந்து சொரசொரப்பான பக்கமாக வளையும். இதுதான் ஸ்விங். கராச்சித் தெருக்களில் தொடங்கி இன்று நம் கார் நிறுத்துமிடம் வரை வந்திருக்கும் டேப் வித்தையும் இதே கணக்குத்தான்.

இப்போது 1976-க்கு வருவோம். டோனி கிரெய்க் தலைமையில் இங்கிலாந்து அணி ஐந்து டெஸ்ட் ஆட இந்தியா வந்தது. டெல்லியில் முதல் டெஸ்ட். ஜான் லீவர் என்ற இடதுகை வேகப்பந்து வீச்சாளருக்கு அதுதான் அறிமுக ஆட்டம். ஆட்டத்தின் நடுவே பந்து வடிவம் கெட்டுப்போய், வேறு பந்து மாற்றினார்கள். மாற்றிய பந்து பாம்பு போல வளைந்தது. முதல் இன்னிங்ஸில் லீவருக்கு 46 ரன்னுக்கு 7 விக்கெட். ஆட்டம் முழுவதும் சேர்த்து 10. அது பந்தின் குணம்தான் என்றார்கள் சிலர், சிலருக்குச் சந்தேகம்.

முதல் இரண்டு டெஸ்ட்டும் தோற்ற நிலையில், பொங்கல் நாட்களில் இந்தியா சேப்பாக்கம் வந்தது. இங்கிலாந்து 262, இந்தியா 164. ஆட்டத்தின் நடுவே நடுவர் ஜூடா ரூபன் கண்ணில், வாசலின் தடவிய ஒரு துண்டு மருத்துவத் துணி பட்டது. இந்தியக் கேப்டன் பிஷன் சிங் பேடி, பந்தைப் பளபளப்பாக்கத்தான் இது என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். செயற்கைப் பொருள் எதையும் பந்தில் தடவக் கூடாது என்ற விதி அப்போதே உண்டு.

இங்கிலாந்து தரப்பு என்ன சொன்னது? "சென்னை வெக்கையில் வியர்வை கண்ணில் வழிகிறது. அதைத் தடுக்க எங்கள் பிசியோ பெர்னார்ட் தாமஸ், லீவருக்கும் பாப் வில்லிஸுக்கும் புருவத்துக்கு மேலே ஒட்டிவிட்ட துணி அது" என்றது. சென்னை வெயிலை அறிந்த நாம் அதை முழுக்கத் தள்ளவும் முடியாது.

இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா 83 ரன்னில் சுருண்டது. 200 ரன் வித்தியாசத்தில் ஆட்டமும், அதோடு தொடரும் போயிற்று. ஆனால் அந்த இன்னிங்ஸில் அதிக விக்கெட் எடுத்தவர் லீவர் அல்ல, டெரெக் அண்டர்வுட். அவருக்குப் பளபளப்பு தேவையே இல்லை. இங்கிலாந்து வாரியம் தன் அணியின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. குற்றம் கடைசி வரை நிரூபிக்கப்படவில்லை.

விலை கொடுத்தவர் பேடி. அந்த ஆண்டிலேயே இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் அணி அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வாய் திறந்ததற்கான தண்டனை அது என்றே அவர் கருதினார். லீவருக்கும் நிம்மதி இல்லை. 21 டெஸ்டில் 73 விக்கெட் எடுத்தவரை, இன்றும் வாசலினைச் சேர்த்தே நினைக்கிறார்கள்.

வங்கியில் ஒரு தொகை வந்து, அது யார் கணக்குக்கு உரியது என்று தெரியாவிட்டால் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். வவுச்சர் கிடைக்கும் வரை யார் பெயரிலும் எழுத மாட்டோம். சேப்பாக்கம் விவகாரத்துக்கும் அதுதான் சரியான இடம் என்பது என் எண்ணம். லீவரைத் திருடன் என்று எழுதவும் ஆதாரம் இல்லை. பேடியைப் பொறாமைக்காரர் என்று எழுதவும் நியாயம் இல்லை. களத்தில் இறங்கும் முன்பே நடுவரிடம், "கண்ணில் வியர்வை படாமல் இருக்க இதை ஒட்டிக்கொள்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இரண்டு பேர் பெயரும் கெட்டிருக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் காலத்தில் நம் அணிக்குப் பளபளப்பே வேண்டாத சரக்கு. பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் சுழற்ற வேண்டுமே! அதனால் புதுப் பந்தைத் தரையில் தேய்த்து மங்கலாக்குவார்கள். அன்று அதற்குத் தடை இல்லை. பிறகு வந்த விதிகள் அதையும் தடுத்துவிட்டன. ஆக, பந்தைத் தனக்கு ஏற்றபடி பக்குவப்படுத்தாத அணியே கிடையாது. எது கைத்திறன், எது ஏமாற்று என்பதை அந்தந்தக் காலத்து விதிதான் சொல்கிறது. காலம்காலமாக எச்சில் தொட்டுத் துடைத்தார்கள். 2020-ல் கொரோனாவுக்காகத் தடை வந்தது, 2022-ல் அது நிரந்தரமானது. 2025 ஐ.பி.எல்.லில் மட்டும் திரும்ப அனுமதித்தார்கள். ஆனால் 2018-ல் கேப்டவுனில் ஆஸ்திரேலியர்கள் உப்புத்தாளைப் பையில் ஒளித்து வைத்தபோது யாருக்கும் குழப்பம் இல்லை. ஸ்மித்துக்கும் வார்னருக்கும் ஓராண்டுத் தடை, பேன்கிராஃப்டுக்கு ஒன்பது மாதம். ஒளிக்க வேண்டியிருந்தது என்பதிலேயே பதில் இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கும் இதுவே போதும். டேப் ஒட்டுவது குற்றமல்ல. ஒரு அணிக்கு மட்டும் தெரிந்து ஒட்டுவதுதான் குற்றம். டாஸ் போடும் முன் இரண்டு கேப்டன்களும் பந்தைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும். டேப் உண்டென்றால் இரண்டு அணிக்கும் உண்டு. பந்து சாக்கடையில் விழுந்தால் துண்டால் துடைக்கலாம். பெரிய ஆட்டத்திலும் அதற்கு அனுமதி உண்டு. தொலைந்துபோனால் அதே அளவு தேய்ந்த பந்தை எடுக்க வேண்டும், புதுசு அல்ல. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விதிப்படியே 133 முதல் 144 கிராம் எடையுள்ள சிறிய தோல் பந்துதான். அதையும் மைதானத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்துமிடத்தில் தோல் பந்து, கார்க் பந்து, ஸ்டம்பர் பந்து எதுவுமே வேண்டாம். வண்டிக் கண்ணாடியும் வயதானவர்களும் பாவம்.

அடுத்த முறை கீழேயிருந்து "சீட்டிங்!" என்று சத்தம் கேட்டால், பால்கனியிலிருந்து அதட்டாதீர்கள். இறங்கிப் போய், "ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னாடி பந்தைக் காட்டினீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். தீர்ப்பை அவர்களே சொல்லிவிடுவார்கள்.