நான்கு வருஷமா, இரண்டு வருஷமா?

கோயமுத்தூரில் அவிநாசி சாலை வழியாகப் பஸ்ஸில் போனால், பீளமேட்டுப் பக்கம் ஓரிடத்தில் கண்டக்டர், "ஹோப் காலேஜ் எறங்கறவங்கெல்லாம் வாங்க!" என்று குரல் கொடுப்பார். அந்த ஊருக்கு நான் முதல் தடவை போயிருந்தபோது இந்தக் குரலைக் கேட்டுத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். கடைகள் இருந்தன, ஜனங்கள் இருந்தார்கள். கல்லூரியைத்தான் காணோம். பக்கத்திலிருந்த பெரியவரைக் கேட்டேன்.

"காலேஜுங்களா? அது எப்பவோ இங்கிருந்து போயிருச்சுங்க. பேரு மட்டும் நின்னு போச்சுங்க" என்றார்.

ஹோப் என்பது ஆர்தர் ஹோப் என்ற வெள்ளைக்காரர். 1940-லிருந்து 1946 வரை சென்னை மாகாணத்தின் கவர்னர். 1939-ல் ராஜாஜியின் மந்திரிசபை ராஜிநாமாச் செய்த பிறகு, மந்திரிகள் இல்லாமல் கவர்னரே ஆலோசகர்களை வைத்துக் கொண்டு ஆண்ட காலம் அது. 1945-ல் கோயமுத்தூரில் ஒரு தொழில் நுட்பக் கல்லூரி தொடங்கியபோது அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். கவர்னர் பெயரை வைத்தால் காரியம் நடக்கும் என்பது அந்த நாளில் எல்லோரும் அறிந்த விஷயம். பெயர் அவருடையதே தவிர, பொருளும் உழைப்பும் தந்தவர் ஜி. டி. நாயுடு.

அந்த ஊருக்கு ஏன் அப்படி ஒரு கல்லூரி தேவைப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயமுத்தூரில் 1888-ல் முதல் பஞ்சாலை எழுந்தது. 1932-ல் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலைக்கு மட்டுமா மின்சாரம்? கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. காளைகளைப் பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்து வந்த குடியானவன், மோட்டாரும் பம்பும் வைத்தால் தோட்டம் முழுவதும் பாயும் என்று கண்டு கொண்டான். 1937-ல் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து உள்ளூரிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார்கள். மோட்டார் வந்தால் அது புகைந்து போவதும் கூடவே வரும். சுருள் கட்டத் தெரிந்தவன் வேண்டும். வார்ப்படம் வார்க்க, கடைசல் பிடிக்க ஆள் வேண்டும். இஞ்சினீயர் வேண்டுமென்றாலோ, நெடுங்காலமாகக் கிண்டியைத்தான் நம்பியிருக்க வேண்டியிருந்தது. கிண்டியில் படித்து வந்தவர் பெரும்பாலும் மராமத்து இலாகாவைப் பார்த்து நடப்பாரே ஒழிய, பட்டறைப் பக்கம் வர மாட்டார்.

நாயுடு 1893-ல் கோயமுத்தூர் ஜில்லா கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தோடு அவருக்கு ஒத்துப் போகவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்று விட்டது. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து, அதை வாங்கியே தீருவதென்று கோயமுத்தூர் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கிய பிறகு அதில் ஏறி ஊர் சுற்றியதோடு திருப்தி அடையவில்லை, கழற்றிப் பார்த்தார். கழற்றியதைத் திரும்பவும் பூட்டினார். அவருடைய கலாசாலை அதுதான். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் ஓட்டத் தொடங்கியவர், பிற்பாடு பெரிய பஸ் கம்பெனிக்கே முதலாளி ஆனார்.

இந்த மனிதர் 1945-ல் கல்லூரி முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார்! பட்டம் வழங்கும் இடத்துக்குப் பட்டம் வாங்காதவர் தலைவர். கதையில் இப்படி எழுதினால், "நடக்கிற காரியமா?" என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள்.

உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. இஞ்சினீயரிங் படிப்புக்கு நான்கு வருஷம் எதற்கு, இரண்டே போதும் என்றார். மீதி இரண்டு வருஷமும் பிள்ளைகளின் ஆயுளில் வீணாகும் காலம் என்பது அவர் கட்சி. சர்க்கார் இதற்கு இணங்கவில்லை. நாயுடு முதல்வர் பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார். தம் கைப்பொருளைப் போட்டு உண்டாக்கிய ஸ்தாபனம் ஆயிற்றே என்று தயங்கவில்லை.

யார் சொன்னது சரி? என்னைக் கேட்டால், நாயுடு பாதி சரி. மோட்டாரும் பம்பும் செய்ய இரண்டு வருஷம் தாராளம். பட்டறையில் கைப்பழக்கத்தாலேயே கற்றுத் தேர்ந்தவர்கள் எத்தனையோ பேர் அந்த ஊரில் உண்டு. ஆனால் அணைக்கட்டுக்கும் பாலத்துக்கும் கணக்குப் போடுகிறவன் அவசரப்படக் கூடாது. மோட்டார் சைக்கிளைத் தப்பாகப் பூட்டினால் மறுபடி கழற்றலாம். பாலத்தை அப்படிச் செய்ய முடியுமா? நாயுடு தம்மையே அளவுகோலாக வைத்துக் கொண்டார். அவரைப் போன்ற பையன் வகுப்புக்கு ஒருவன் இருந்தாலே அதிகம். சர்க்கார் தரப்பிலும் ஒரு குறை உண்டு. வருஷக் கணக்கைக் காப்பாற்றிய அளவுக்கு, அந்த வருஷங்களில் பையன் கையில் எண்ணெய்க் கறை படுகிறதா என்று அவர்கள் கவலைப்பட்டதாகத் தோன்றவில்லை. நாயுடுவின் கேள்வியில் உயிர் இருந்தது அந்த இடத்தில்தான். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவரைப் போக விட்டு விட்டார்கள்.

பிறகு வெள்ளைக்காரர்கள் போனார்கள். கல்லூரியும் தடாகம் சாலைக்குக் குடி பெயர்ந்து, அரசினர் தொழில் நுட்பக் கல்லூரி என்று பெயர் மாறியது. 1951-ல் பி. எஸ். ஜி. கல்லூரியும், 1956-ல் கோயமுத்தூர் தொழில் நுட்பக் கல்லூரியும் வந்தன. பழைய இடத்தில் கவர்னர் பெயர் பஸ் நிறுத்தத்தோடு ஒட்டிக் கொண்டது. கட்டடம் கொடுத்தவர் பெயரை அங்கே எந்தக் கண்டக்டரும் கூவுவதில்லை.

நாயுடு 1974 ஜனவரி 4-ந் தேதி காலமானார். இரண்டு வருஷம் போதும் என்று அவர் சண்டை போட்ட படிப்பு, அப்போது புகுமுக வகுப்புக்கு மேல் ஐந்து வருஷமாக வளர்ந்திருந்தது.