மாசி பங்குனியில் விரால் எங்கே நிற்கும்?

பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் டெக்சாஸில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கையில் அகன்ற வாயோடு ஒரு பச்சை மீன். "சார், இது பாஸ். இங்க ஸ்பிரிங் சீசன் ஆரம்பிச்சாச்சு. அடுத்த மாசம் ஊருக்கு வர்றேன். நம்ம தாம்பரம் பக்கம் ஸ்பிரிங்ல எந்த லூர் போட்டா விரால் எடுக்கும்?" என்று கேட்டிருந்தான். வகுப்பில் மூன்று வருடம் வரலாறு நடத்தியபோது ஒரு கேள்வி கேட்காதவன். முப்பது வருடம் கழித்துக் கேட்கிறான். பதில் சொல்லாமல் விடுவேனா?

முதலில் அவன் ஊர் மீனைப் பார்ப்போம். அங்கே குளிர்காலம் முடிந்து ஏரித் தண்ணீர் பதினைந்து, பதினாறு டிகிரிக்கு ஏறும்போது பாஸ் ஆழத்தை விட்டுக் கரையோரம் வருகிறது. ஆண் மீன் தரையைச் சுத்தம் செய்து கூடு அமைத்து, முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கிறது. அங்கே தூண்டில்காரனுக்கு வெப்பமானிதான் பஞ்சாங்கம். நம் ஊர் ஏரி மார்கழியிலும் அவ்வளவு குளிராது. நம் மீனுக்குக் கடிகாரம் தண்ணீர்தான். எப்போது வருகிறது, எந்த வழியாக வருகிறது, எப்போது வற்றுகிறது என்பதை வைத்துத்தான் அது ஏறும், முட்டையிடும், பசிக்கும். சென்னைக்கு வருடத்தில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்கள்தான் நம் மீனுக்கு வசந்தம்.

அந்தத் தண்ணீரின் வழியையும் சொல்ல வேண்டும். சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளின் உபரி செம்பாக்கம் ஏரிக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றை ஒன்று நிரப்பிக்கொண்டு பள்ளிக்கரணைச் சதுப்பில் சேரும். பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம், கடல். ஜி.எஸ்.டி. சாலைக்கு மேற்கே முடிச்சூர்ப் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றுக்குப் போகும். கலங்கலும் கால்வாயும் தண்ணீர் இறங்குவதற்கு என்று மனிதன் வெட்டினான். மீன் அவற்றை ஏறுவதற்கு வைத்துக்கொண்டது.

1960களில் சேலையூரைச் சுற்றி வயல்தான். ஐப்பசி முதல் பெருமழையில் கலங்கலில் தண்ணீர் புரண்டால் பெரியப்பா என்னைத் தட்டி எழுப்புவார். "டேய், புதுத்தண்ணி வந்துடுச்சு, மீன் ஏறும்டா!" அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடுவோம். முழங்கால் அளவு ஓடையில் கெண்டை, கெளுத்தி, குறவை எல்லாம் ஓட்டத்தை எதிர்த்து வயலுக்குள் ஏறிக்கொண்டிருக்கும். மடையில் பறி வைத்திருப்பார்கள். அன்றைக்குத் தூண்டிலைத் தொடவே மாட்டார் பெரியப்பா. கல்யாணத்துக்குப் போகிறவனை வழிமறித்துச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் நிற்பானா என்பார்.

கார்த்திகை, மார்கழியில் ஏரி நிரம்பிக் கலங்கிக் கிடக்கும். மீன் பரந்துவிடும். தூண்டிலுக்கு மந்தமான காலம். தை பிறந்து தண்ணீர் தெளிந்து, வெயில் கொஞ்சம் உறைக்க ஆரம்பித்ததும் ஆட்டம் தொடங்கும். மாசியும் பங்குனியும் உச்சம். நீர்மட்டம் இறங்க இறங்க, அல்லிக் கொடியும் கோரையும் இருக்கும் ஓரங்களில் விரால் வந்து நிற்கும். தவளையும் அங்கேதான் இருக்கும். விராலுக்கு ஒரு பலவீனம் உண்டு. செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும் கரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் 'பளக்' என்று ஒரு குமிழி கேட்கும். அந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி இரையைப் போட வேண்டும். நேராகப் போட்டால் ஓடிவிடும். மூங்கில் கழி, நரம்பு, பெரிய முள், முதுகுத் தோலில் கோத்த சின்னத் தவளை. கெண்டைக்கு மாவு உருண்டையும், கெளுத்திக்கு மண்புழுவும், தக்கைக்கு மயிலிறகுத் தண்டும் தனியாக ஒரு டப்பாவில் இருக்கும்.

சித்திரை, வைகாசியில் ஏரி குட்டையாகிவிடும். அப்போது ஊரே இறங்கிவிடும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கண்மாயில் ஊத்தாவோடு ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கும் மீன்பிடித் திருவிழா இன்றும் நடக்கிறது. ஆடியில் ஒரு இடிமழை பெய்தால் கெளுத்தி கடிக்கும். மறுபடி ஐப்பசி. இவ்வளவுதான் நம் பஞ்சாங்கம்.

இனி வரலாற்று வாத்தியார் பேசுவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூண்டில் நமக்குப் புதிதல்ல. குறுந்தொகையில் ஒரு புலவருக்குப் பெயரே மீனெறி தூண்டிலார். யானை வளைத்துத் தின்றுவிட்டுக் கைவிட்ட மூங்கில் எகிறி நிமிர்வதை, மீனைச் சுண்டி இழுத்த தூண்டில் கழிக்கு ஒப்பிட்டார். சொந்தப் பெயர் மறைந்து உவமையே பெயராகிவிட்டது. கழியின் அந்த எகிறலைக் கையால் உணர்ந்தவர்தான் அப்படி எழுத முடியும் என்பது என் கட்சி. தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம். நம்மிடமிருந்து அதிகத் தூரமில்லாத உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் எடுத்த விதத்தைச் சொல்கிறது என்பது எட்டாம் வகுப்பிலேயே நடத்தியது. நடத்தாமல் விட்டது பாசிப்பாட்டம். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்காகக் கட்டிய தொகை அது. கிராமத்தில் இன்றும் 'மீன் பாசி குத்தகை' என்றுதான் சொல்கிறார்கள்.

பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் இருந்த ஜான் பாதிரியார், பெர்லினில் மார்க்கஸ் ப்ளோக் என்ற மருத்துவருக்கு நம் கரையிலிருந்து மீன்களை அனுப்பிக்கொண்டிருந்தார். ப்ளோக் 1793இல் விராலையும் குறவையையும் அறிவியல் உலகுக்கு எழுதினார். 1801இல் லாசெபேத் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த இரண்டு மீனுக்கும் தம் நூலில் வைத்த பெயர்கள் என்ன தெரியுமா? 'வ்ரால்', 'கருவே'. நம் விராலும் குறவையும்தான், வாயில் நுழைந்த அளவுக்கு! ப்ளோக் வைத்த பெயர் முந்தியது என்பதால் இவை நிற்கவில்லை. அதே தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் கம்பெனி லெப்டினன்ட், குளக்கரைப் பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கம் அதை வெளியிட்டது. அதுதான் நம் பனையேறி. அது தரையில் செவுளை ஊன்றி நகர்வதை நானே பார்த்திருக்கிறேன். மரம் ஏறிப் பார்த்ததில்லை.

ஆங்கிலேயர்கள் விராலை 'முரல்' என்றார்கள். நமக்கு முரல் என்றால் ஊசி மூக்கோடு இருக்கும் கடல் மீன். காசிமேட்டில் போய் முரல் கேட்டு விராலை எதிர்பார்க்காதீர்கள். சென்னை சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற அதிகாரி 1873இல் இந்தியத் தூண்டிலைப் பற்றி ஒரு புத்தகமும், 1887இல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே தனியாக ஒன்றும் எழுதினார். கலெக்டர் வேலைக்கு நடுவே எப்படி நேரம் கிடைத்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம். அதே 1873இல் பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர், நன்னீர் மீன்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். சினை மீனையும் குஞ்சுகளையும் கண்மூடித்தனமாக அழிக்கிறார்கள், ஏற்றக் காலத்தில் வழிமறிக்கிறார்கள், கட்டுப்படுத்துங்கள் என்பது அதன் சாரம். 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடியும் விஷமும் போட்டு மீன் பிடிப்பது குற்றமாயிற்று.

இந்த அறிக்கையைப் பற்றிக் கல்லூரி நாட்களில் முதன்முதலாகப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

1964, தனுஷ்கோடியில் புயலடித்த வருடம். எனக்குப் பன்னிரண்டு வயது. மார்கழி விடுமுறை. சேலையூர் ஏரியில் கரையோரம் தண்ணீரின் மேல் செந்நிறத்தில் ஒரு வட்டம் மிதந்தது. குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள், மூச்சுக்காக ஒன்றாக மேலே வந்து ஒன்றாகக் கீழே போயின. அடியில் பெரிய மீன் இருக்கும் என்று தெரியும். பெரியப்பா கழியைத் திருட்டுத்தனமாக எடுத்து, தவளையைக் கோத்து வட்டத்தின் நடுவில் போட்டேன். போட்ட நொடியே எடுத்தது. மந்தமான மாதத்தில், அனுபவமில்லாத பையனுக்கு, முதல் வீச்சிலேயே! இரண்டு கிலோவுக்குக் குறையாது. அது பசியால் கடிக்கவில்லை, குஞ்சை விரட்ட வந்த எதிரி என்று நினைத்துக் கடித்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். பெரியப்பா மீனைப் பார்த்தார், "எங்கடா எடுத்த?" என்றார். சொன்னேன். அடிக்கவில்லை. என் கையைப் பிடித்து ஏரிக்கே திரும்ப நடத்திக்கொண்டு போனார். செந்நிற வட்டம் அங்கேயே இருந்தது, ஆனால் சிதற ஆரம்பித்திருந்தது. கெளுத்திகள் உள்ளே பாய்ந்துகொண்டிருந்தன. ஒரு நாரை வந்து நின்றது. "பாத்துக்கோ," என்றார். இருட்டும்வரை உட்கார்ந்து பார்த்தோம். அன்று வீட்டில் குழம்பு வைத்தார்கள். பெரியப்பா ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். மறுநாள் காலை போனேன். வட்டம் இல்லை.

பிரான்சிஸ் டே பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அவர் படித்தது நாலாம் வகுப்பு.

சரி, லூருக்கு வருவோம். பொய் இரைக்கும் வரலாறு உண்டு. உலோகக் கரண்டி வடிவ இரைக்கு அமெரிக்காவில் ஜூலியோ புயெல் என்பவர் 1852இல் காப்புரிமை வாங்கினார். ஏரியில் அவர் தவறவிட்ட கரண்டியை ஒரு மீன் பாய்ந்து கவ்வியதுதான் தொடக்கம் என்பது கதை. பின்லாந்தில் லௌரி ரப்பாலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் தாளைச் சுற்றி, போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசி முதல் மீன்பொம்மை செய்தார். இன்றைக்கு நம் பையன்கள் ஆன்லைனில் வாங்குவது ரப்பர் தவளை. அதன் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். அல்லி இலைமேல் இழுத்தாலும் சிக்காது. விரால் கவ்வி ரப்பர் அமுங்கினால்தான் முள் வெளியே வரும். நல்ல மூளை! உயிருள்ள தவளையைக் குத்தும் பாவமும் இல்லை. 1987இல் தவளைக்கால் ஏற்றுமதியை அரசு தடை செய்தபோது, வயலில் பூச்சியைத் தின்னத் தவளை வேண்டும் என்று நான் வகுப்பில் ஒரு பீரியட் முழுக்கப் பேசியது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

ஆனால் அதே ரப்பர் தவளையைச் செவ்வட்டத்தின் மேல் போட்டு, மூன்றாவது வினாடியில் விரால் பாய்வதை வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். எனக்கும் வருகிறது. என் மாணவர்களின் பிள்ளைகளே அதில் இருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் செய்தது அறியாமை. இவர்கள் தெரிந்தே அதை ஒரு உத்தியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

முன்பு ஒரு ஏரியில் குஞ்சு அழிந்தால் அடுத்த ஐப்பசியில் கீழ் ஏரியிலிருந்து மீன் ஏறி வந்து ஈடு செய்யும். இப்போது ஏறும் வழி எங்கே? ஓடை பல இடங்களில் கான்கிரீட் பெட்டிக்குள் போகிறது, சில இடங்களில் வீட்டுமனைக்குள் போகிறது. பாதிக்குச் சாக்கடைதான் ஓடுகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பழைய வழியில்தான் வந்தது. ஏரியில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை. 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வேறு, அரசு தடை செய்தும் பரவிவிட்டது. மீன்தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி, வளர்ந்ததும் ஏரியில் கொட்டிவிடுகிற 'டேங்க் கிளீனர்' மீனும் சேர்ந்துகொண்டது. தயவுசெய்து கொட்டாதீர்கள். செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளில் சீரமைப்பு வேலை நடந்திருக்கிறது என்பது சந்தோஷம். 2022இல் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும் சந்தோஷம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கால்வாயைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை.

தம்பி, உனக்கான பதில் இதோ. பங்குனிக் கடைசிக்குள் வா. அல்லி ஓரம், விடியற்காலை ஐந்தரை மணி, கறுப்பு அல்லது பச்சை ரப்பர் தவளை. மெதுவாக இழு, இடையில் நிறுத்து. விரால் கவ்வியதும் சுண்டாதே, இரண்டு எண்ணிவிட்டுச் சுண்டு. முள்ளில் மீன் நழுவாமல் பிடிக்கும் அந்தக் குட்டி எதிர்க்கூரைக் குறடால் நசுக்கிவிட்டுக் கொண்டுவா. குத்தகைக்காரரிடம் நான் பேசிவைக்கிறேன். கோடையிலும் எப்போதாவது குஞ்சு விடும். செவ்வட்டம் கண்ணில் பட்டால் தூண்டிலை மடித்துவிட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

வரும்போது எனக்கு ஒரு மயிலிறகுத் தண்டு கிடைத்தால் வாங்கி வா. இங்கே இப்போது எங்குமே பிளாஸ்டிக் தக்கைதான்.