பதவியை விட்டுட்டு கூடாரத்துக்குப் போன ராக்லாந்து ஐயர்

ஆலங்குளம்னு சொன்னதுமே எல்லாரும் "ஓ, தென்காசி பக்கமா?" என்று கேட்கிறார்கள். இல்லைங்க. நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஊர். கொஞ்சம் கிழக்கே போனால் வெம்பக்கோட்டை, அப்புறம் சிவகாசி. மண்ணெல்லாம் கரிசல்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பக்கம் ஒரு சபையில் கமிட்டித் தேர்தல். எந்தச் சபை என்று கேட்காதீங்க :-) இரண்டு அணி, நோட்டீஸ், வேன் வைத்து ஆள் கூட்டி வருவது, கடைசியில் வாசலில் போலீஸ். ஜெயித்தவர் மைக்கைப் பிடித்து, "ஊழியம் செய்ய ஆண்டவர் எனக்கு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்" என்றார். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருத்தர் மெதுவாச் சொன்னார்: "இதே மண்ணுல பதவிய உதறிட்டு வந்த ஆளு ஒருத்தர் செத்துப் போயிருக்காரு தம்பி. ராக்லாந்து ஐயர்."

(எங்க பக்கம் சி.எஸ்.ஐ. போதகரை ஐயர்னுதான் கூப்பிடுவோம். வெள்ளைக்காரரா இருந்தாலும் ஐயர்தான்!)

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடியதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து 1815ல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் படித்து, 1841ல் கணிதத் தேர்வில் நாலாவது இடம். அந்த வரிசையில் வருபவர்களுக்கு 'ராங்லர்' என்று பட்டம். நம்ம அண்ணா யுனிவர்சிட்டி ராங்க் ஹோல்டர் மாதிரி என்று நினைத்துவிடாதீங்க, அது வேற லெவல். கல்லூரியிலேயே ஃபெலோ ஆகிவிட்டார். ஆயுசுக்கும் புத்தகத்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1845ல் சர்ச் மிஷனரி சொசைட்டி மூலமாக சென்னைக்குக் கப்பல் ஏறினார்.

இங்கே கொடுத்த வேலையும் பெரிசுதான். சென்னையில் சொசைட்டியின் செயலாளர். தென்னிந்தியா முழுக்க உள்ள மிஷனரிகளின் கடிதம், கணக்கு, சண்டை சச்சரவு எல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். அந்த வேலையாகத் திருநெல்வேலிப் பக்கம் சுற்றியபோது ஒரு விஷயம் உறுத்தியது. தெற்கே மெஞ்ஞானபுரம், நல்லூர் என்று கோயிலும் பள்ளிக்கூடமுமாகச் சபைகள் பெருகிக்கொண்டிருந்தன. வடக்கே சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. (அப்போது இதெல்லாம் திருநெல்வேலி ஜில்லா. ராமநாதபுரம் ஜில்லா வந்தது 1910ல், விருதுநகர் மாவட்டம் 1985ல்.)

ஒரு மேனேஜர் என்ன செய்வார்? "அங்கே நாலு பேரை அனுப்புங்கப்பா" என்று கடிதம் எழுதுவார். இவர் செயலாளர் பதவியை விட்டுவிட்டு, நானே போறேன் என்றார். கேம்பிரிட்ஜில் படித்த டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு 1854ல் வேலையை ஆரம்பித்தார். பங்களா கிடையாது, கூடாரம்தான். ஒரு ஊர்ப்பக்கம் கூடாரம் போடுவது, சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய்ப் பேசுவது, அப்புறம் கூடாரத்தைப் பிரித்து அடுத்த இடம். சித்திரை வெயிலில் கரிசக்காட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், கூடாரத்துக்குள் எப்படி இருக்கும் என்று. பட்டாசு, தீப்பெட்டி எதுவும் வராத சிவகாசி அது. அய்யநாடாரும் சண்முகநாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தா போனதே 1922ல்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு ஏற்பாடு. தெற்கத்திச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் முறைவைத்து மாசக்கணக்கில் வடக்கே வந்து இவர்களோடு சேர்ந்து நடந்தார்கள். அவர்கள் செலவை ஏற்றுக்கொண்டது தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள். பனையேறிச் சம்பாதித்தவர்களின் காசும் அதில் இருந்தது. அந்தக் காசில் வந்து நடந்த உபதேசியார்களின் பெயர்கள் நம் ஞாபகத்தில் இல்லை. மூன்று கேம்பிரிட்ஜ்காரர்களின் பெயர் மட்டும் நிற்கிறது. இதை நினைத்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ராக்லாந்துக்கு நுரையீரல் சுகமில்லை. இருமினால் ரத்தம் வரும். ஊருக்குத் திரும்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று தங்கிவிட்டார். 1858 அக்டோபர் 22ம் தேதி சிவகாசியில் திடீரென்று ரத்தம் பீறிட்டது. சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. வயசு 43. வேலை ஆரம்பித்து ஐந்து வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. எண்ணிச் சொல்கிற மாதிரி பெரிய கூட்டமும் சேர்ந்திருக்கவில்லை. நம்ம பாஷையில் சொன்னால் அப்ரைசலில் ஃபெயில் :-(

பத்து நாள் கழித்து, நவம்பர் 1ம் தேதி, விக்டோரியா மகாராணியின் பிரகடனம் நாடு முழுக்க வாசிக்கப்பட்டது. கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி. ஆளுகிற இனத்தில் பிறந்தவர்தான் ராக்லாந்தும். மிஷனரிகள் எல்லாரும் அந்த அதிகாரத்தின் நிழலில் நின்றவர்கள்தானே என்று கேட்டால், ஆமாம், மறுக்க முடியாது. ஆனால் அந்த நிழலில் கிடைத்த மேஜை நாற்காலியை விட்டு வெயிலுக்கு வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லணும் இல்லையா?

கோதுமை மணி மண்ணில் விழுந்து செத்தால்தான் பலன் தரும் என்கிற வேதாகம உவமை அவருக்கு ரொம்பப் பிடித்தமானது. மணி விழுந்துவிட்டது. பலன்? சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரம் பின்னாளில் அந்த மிஷனின் மையமானது. இன்றைக்கும் அங்கே பள்ளிக்கூட மணி அடிக்கிறது.

அப்புறம் 1903ல் திருநெல்வேலித் தமிழர்களே, தங்கள் ஆளையும் தங்கள் காசையும் போட்டு இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பித்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளை அசரியா. தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு ஊழியத்துக்குப் போனவர், 1912ல் அங்கேயே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். இது ராக்லாந்தால் வந்தது என்று சொல்லவரவில்லை. ஆனால் தன் காசில் அடுத்த ஊருக்கு ஆள் அனுப்புகிற பழக்கத்தை அந்த உபதேசியார்களை அனுப்பிய சபைகள் அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தன.

பஸ் ஏறும்போது அந்தப் பெரியவரிடம், "ஐயா, நீங்க ஏன் எலக்‌ஷன்ல நிக்கலை?" என்று கேட்டேன். சிரித்தார். "கோயிலப் பெருக்குறதுக்கு எலக்‌ஷன் எதுக்கு தம்பி?"

முப்பது வருஷமா சனிக்கிழமைதோறும் பெருக்குகிறாராம்.