முற்றத்தில் இறங்கும் வானம்

ஜன்னலுக்கு வரி என்றால் நம்புவீர்களா? பிரான்சில் 1798 முதல் 1926 வரை கதவு, ஜன்னல்களை எண்ணி வரி வாங்கினார்கள். வரிக்கு அஞ்சி ஜன்னலை அடைத்து, இருட்டில் வாழ்ந்தவர்கள் பலர்.

1954 வரை அதே பிரான்சின் ஆட்சியில் இருந்த காரைக்காலின் பழைய வீடுகளோ ஜன்னலை நம்பியவை அல்ல. நடுவே முற்றம் இருக்கும். அது பிரெஞ்சுக்காரர் வருமுன்பே நம்மிடம் இருந்த ஏற்பாடு. மேகம் மூடிய நாளில் உச்சிவானம் அடிவானத்தைவிட ஏறக்குறைய மும்மடங்கு ஒளிரும். முற்றம் அந்த உச்சிவானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. வந்த ஒளியைச் சுண்ணாம்புச் சுவர் சிதறடித்து உள்ளே அனுப்பும்.

காரைக்கால் ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஆகவே ஏப்ரல் 18, ஆகஸ்டு 24 தேதிகளையொட்டி நண்பகலில் முற்றத்தில் ஒரு கோலை நட்டுப் பாருங்கள், நிழலே விழாது.

இன்று பலர் முற்றத்தைக் கான்கிரீட்டால் மூடிவிட்டு, பட்டப்பகலில் விளக்கேற்றுகிறார்கள். மழைக்கு மூடித்தான் ஆகவேண்டுமென்றால் நான்கைந்து கண்ணாடி ஓடுகளாவது பதியுங்கள். ஓரத்தில் காற்றுக்கும் இடைவெளி விடுங்கள்.