ஆண்டுக்கு இருமுறை பேசும் யந்திரம்

சுவீடனுக்குப் போகிறவர்கள் ஸ்டாக்ஹோம் நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். நானோ மேற்குக் கரையில், வார்பெர்க் ஊருக்கு அருகே உள்ள கிரிமெட்டன் என்ற கிராமத்துக்குப் போனேன். "ஒரு பழைய யந்திரத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று நண்பர்கள் சிரித்தார்கள். "இல்லை, கோபுர தரிசனத்துக்கு!" என்றேன். பொய் அல்ல. வயல்வெளியில் 127 மீட்டர் உயரமுள்ள ஆறு இரும்புக் கோபுரங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன.

அவை எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடன் மக்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அக்கரையோடு அவசரமாகப் பேசக் கடலடித் தந்திக் கம்பி ஒன்றுதான் வழி. 1914-ல் யுத்தம் மூண்டதும் சில கம்பிகள் அறுபட்டன. மிஞ்சியவை அயலார் கையில் இருந்தன. சுவீடன் சண்டையில் சேராத நாடு. ஆனாலும் அதன் பேச்சு பிறர் தயவில் நின்றது. அந்த வேதனை மறக்கவில்லை. சொந்தமாக ஒரு வானொலித் தந்தி நிலையம் அமைப்பதென்று 1920-ல் பார்லிமெண்டு தீர்மானித்தது.

யந்திரத்தை உருவாக்கியவரும் கடல் கடந்து போன பிள்ளைதான்! உப்சாலாவில் 1878-ல் பிறந்த எர்ன்ஸ்ட் அலெக்ஸாண்டர்சன், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் எஞ்ஜினீயர். அவருடைய யந்திரத்தில் அலையை உண்டாக்குவது வால்வு அல்ல; ஒரு பெரிய எஃகுச் சக்கரம். அதன் ஓரத்தில் 488 பள்ளங்கள். சக்கரம் நிமிஷத்துக்குச் சுமார் 2,115 தடவை சுற்றுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், வினாடிக்கு 17,200 அதிர்வுகள் வரும். ஓர் அலையின் நீளம் மட்டும் 17 கிலோமீட்டருக்கு மேல்!

1925 ஜூலை 2-ந் தேதி மன்னர் ஐந்தாம் குஸ்டாவ் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே காலத்தில் சிற்றலை வந்துவிட்டது. குறைந்த செலவில், குறைந்த மின்சாரத்தில் அதே தூரம் பேச முடிந்தது. பிறந்த சூட்டோடு நம் யந்திரம் கிழப் பட்டம் வாங்கிக்கொண்டது. என்றாலும் இரண்டாம் உலக யுத்தத்தில் மறுபடி கம்பிகள் அறுபட்டபோது இந்தக் கிழவர்தான் கைகொடுத்தார். நெட்டலை கடல்நீருக்குள்ளும் ஓரளவு இறங்கும். ஆகையால் பிற்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் சேதி சொல்லவும் பயன்பட்டார்.

வேறு நாடுகளில் இருந்த இதன் உடன்பிறப்புகள் ஓய்ந்துபோயின. இன்றும் இயங்கக்கூடிய நிலையில் இருப்பது இது ஒன்றுதான். 2004-ல் யுனெஸ்கோ இந்நிலையத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

ஜூலைத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை என்று ஆண்டுக்கு இருமுறை இதை ஓடவிடுவது வழக்கம். நான் போனது அந்த ஞாயிற்றுக்கிழமை. சக்கரம் மெல்லச் சுழன்று, முனகி, பிறகு ஊளையிட்டுப் பாடியது. தந்திச் சாவி தட்டத் தொடங்கியது. எந்தெந்த நாட்டிலோ ஆர்வலர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

சேதி என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாழ்த்து, அதைவிட்டால், "நான் இன்னும் இருக்கிறேன்" என்பதுதான் அதன் பொருள். கப்பலேறிப் போன பிள்ளையிடமிருந்து ஒரு தாய் கேட்க விரும்பியதும் அந்த ஒரு வார்த்தைதானே?