வலென்சியாவின் காயலும் வயலும்

ஸ்பெயினின் கிழக்குக் கரையிலுள்ள வலென்சியா துறைமுகத்தில் ஒரு பகல் மட்டும் நின்று செல்லும் உல்லாசக் கப்பல்களின் பயணிகள் பலர், நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அல்புஃபெரா காயலைக் காணவும், அதன் கரையூர்களில் பயேயா என்னும் சோற்றுணவை உண்ணவும் செல்கின்றனர். இயற்கைக் காட்சி என்றும் வட்டார உணவு என்றும் அவர்கள் பிரித்துக் காணும் இவ்விரண்டையும் இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தது நெல் வேளாண்மையே ஆகும்.

தூரியா, ஹூகார் ஆறுகளின் வண்டலும் கடல் அலைகளும் சேர்ந்து எழுப்பிய மணல்திட்டு, பழைய வளைகுடா ஒன்றைக் கடலிலிருந்து பிரித்ததால் இக்காயல் உருவாயிற்று. இப்பகுதியில் நெல் வேரூன்றியது முஸ்லிம்களின் ஆட்சிக்காலத்தில். 1238இல் நகரைக் கைப்பற்றிய அரகோன் மன்னர் முதலாம் ஜெய்மே, காயலை அரச உடைமையாக்கிக்கொண்டார். தேங்கிய நீர் காய்ச்சலைப் பரப்புகிறது என்ற அச்சத்தால் நெல் பயிரிடுவதற்கு இடைக்காலத்திலிருந்தே தடைகள் விதிக்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாவரவியல் அறிஞர் கவனில்லெஸும் அதே காரணத்தால் நெல்லை எதிர்த்து எழுதினார். ஆயினும் நெல் தந்த வருவாய் தடைகளை வென்றது. உழவர்கள் படகில் மண் கொணர்ந்து கரையோரத்தைத் தூர்த்து வயலாக்கியதால் காயல் சுருங்கிக்கொண்டே வந்தது. இவ்வுழைப்பின் கடுமையை விசென்டே பிளாஸ்கோ இபானெஸ் 1902இல் வெளியிட்ட தம் நாவலில் சித்திரித்தார். இன்று எஞ்சியிருக்கும் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 2,800 ஹெக்டேர்.

பாசன வடிநீர் வந்து சேரச்சேர உவர்ப்பு குறைந்து, காயல் நன்னீர்நிலையாக மாறியது. கடலோடு இணைக்கும் கால்வாய்களின் மதகுகள் உழவுப் பருவத்தை ஒட்டியே திறந்து மூடப்படுகின்றன. அறுவடை முடிந்தபின் குளிர்காலத்தில் வயல்களில் நீர் தேக்கப்படுவதால், வலசை வரும் வாத்துகளுக்கு அவை மேய்ச்சல் நிலமாகின்றன.

உணவும் இவ்வுழைப்பிலிருந்தே உருவானது. நகரைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வயல்களிலும் உழைத்தோர், அகன்ற ஆழமற்ற இரும்புச் சட்டியைத் திறந்தவெளி விறகடுப்பில் ஏற்றி, கோழி, முயல், நத்தை, பச்சை அவரை, கர்ரொஃபோ எனப்படும் பெரிய வெள்ளை மொச்சை ஆகியவற்றின் சாற்றில் குறுமணி அரிசியைக் குங்குமப்பூவுடன் வேகவைத்தனர். முன்னாளில் வயலெலியின் இறைச்சியும் இதில் சேர்க்கப்பட்டது. அரிசி மெல்லிய அடுக்காகப் பரவுவதால் நீர் விரைவில் வற்றி, சட்டியின் அடியில் சொக்கரட் எனப்படும் முறுகல் படிகிறது. எல் பால்மார் என்னும் மீனவர் ஊரிலோ விலாங்கு மீனைப் பூண்டும் மிளகாய்த்தூளும் சேர்த்துச் சமைக்கும் ஆல் இ பெப்ரே புகழ்பெற்றது.

1911ஆம் ஆண்டுச் சட்டம் காயலை வலென்சியா நகராட்சிக்கு அளிக்க வழிசெய்தது. 1960களில் மணல்திட்டின் பைன் காட்டில் குடியிருப்புகளும் விடுதிகளும் எழத் தொடங்கின. அடுத்த பத்தாண்டில் எழுந்த மக்கள் எதிர்ப்பு அப்பணியைத் தடுத்தது. அக்காலத்திலேயே கழிவுநீரும் வேளாண் வேதிப்பொருள்களும் கலந்து காயல்நீரின் தெளிவு மறைந்தது. 1986இல் இப்பகுதி இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, வயல்களும் அதன் எல்லைக்குள் சேர்க்கப்பட்டன. நீரைக் கெடுக்கும் வேதிப்பொருளும் பறவைகளை வாழவைக்கும் நீர்த்தேக்கமும் ஒரே வயலிலிருந்து வருவதால், உழவை அகற்றிக் காயலைக் காக்க இயலாது. உழவின் முறையை மாற்றியே காக்க இயலும்.